காலை எடுத்தால் நிற்கும் நடுக்கம்

பட்டறைக்கு வரும் கார்க்காரர்கள் அடிக்கடி சொல்லும் குறை, "வண்டி ஆடுது" என்பது. இந்த இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக்காலும் காரணத்தைச் சொல்லிவிட முடியாது. ஆகவே வழக்கமான வரிசையில் வேலை தொடங்குகிறது. முதலில் வீல் பேலன்சிங், பிறகு அலைன்மென்ட். அதற்கும் அடங்கவில்லையென்றால் டயர், அப்புறம் எஞ்சின் மவுண்டிங். ஒவ்வொன்றுக்கும் ஒரு பில். இவற்றில் எதுவுமே காரணமாக இல்லாத நடுக்கம் ஒன்று இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து வேகம் எடுக்கும்போது மட்டும் வரும், காலை எடுத்த மறு நொடியே நின்றுவிடும். அந்த நடுக்கத்தின் காரணத்தை எப்படித் தேடிப் பிடிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்துகிறவன். மாணவர்களிடம் ஸ்பானரைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போடச் சொல்வேன். சிறிய காரின் டயர் ஒரு சுற்றுக்கு 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் உருளும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 11 அல்லது 12 சுற்று. அதே நேரத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; அது நொடிக்கு 50 சுற்று. நான்கு சிலிண்டர் எஞ்சினாக இருந்தால் நொடிக்கு 100 முறை எரிபொருள் வெடிக்கும். ஆக, சக்கரத்தில் குறை இருந்தால் வண்டி நிதானமாக உதறும். எஞ்சினில் குறை இருந்தால் பெரும்பாலும் பொடி அதிர்வாக, ஸ்டீயரிங்கிலும் தரையிலும் கூசுகிற மாதிரி வரும். இதை உணர்ந்து சொல்வதற்குக் கருவி வேண்டாம். உட்கார்ந்திருக்கும் சீட்டும் பிடித்திருக்கும் ஸ்டீயரிங்கும் போதும்.

அடுத்து, நடுக்கம் எதைப் பின்தொடர்ந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வண்டியின் வேகத்தையா, எஞ்சின் சுற்றையா, காலால் கொடுக்கும் அழுத்தத்தையா? இந்த மூன்றும் ஓட்டும்போது ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குவதால்தான் குழப்பம். அவற்றைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வாகன நடமாட்டம் இல்லாத, சமமான, நேரான சாலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரை அவர் பார்த்துச் சொல்லட்டும், உங்கள் கண் சாலையை விட்டு விலகக் கூடாது. நடுக்கம் வரும் வேகத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்க் கிளட்சை மிதித்து ஓரிரு நொடி வண்டியைத் தானாக உருளவிடுங்கள். அப்போதும் உதறினால் டயர், ரிம், பேலன்சிங் பக்கம் போகலாம். எஞ்சினை மட்டும் ஓடும்போது அணைத்துவிடாதீர்கள். ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் போய்விடும். பிறகு அதே வேகத்தை வேறொரு கியரில் பிடித்துப் பாருங்கள். கியர் மாறியதும் நடுக்கம் வேறு வேகத்துக்கு நகர்ந்துவிட்டால் எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டும். கியர் எதுவானாலும் அதே 40, 50 கிலோமீட்டர் வேகத்தில்தான் வருகிறது, அதுவும் மிதித்தால் மட்டும் வருகிறது, காலை எடுத்தால் இல்லை என்றால், குறை கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறது.

அந்த நடுப்பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். நம் ஊரில் முன்சக்கர இழுவை பரவலானது 1983இல் வந்த மாருதி 800க்குப் பிறகுதான். இன்று சாலையில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை அந்த வகையே. கியர்பாக்ஸிலிருந்து இரண்டு முன்சக்கரங்களுக்கும் இரண்டு தண்டுகள் போகின்றன. பட்டறையில் ஆக்சில் என்றோ டிரைவ் ஷாஃப்ட் என்றோ சொல்வார்கள். ஒவ்வொரு தண்டிலும் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஜாயின்ட். சக்கரத்தை ஒட்டியிருப்பதற்குள் ஆறு எஃகுக் குண்டுகள் இருக்கும். ஃபோர்டு நிறுவனத்தின் பொறியாளர் ஆல்ஃபிரட் செப்பா 1920களில் வடிவமைத்த வழிதான் அது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வண்டியை நகர்த்தும்போது "டக் டக்" என்று சத்தம் வந்தால் இந்த வெளி ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது என்று அநேகமாக எல்லா மெக்கானிக்குகளுக்கும் தெரியும்.

நமக்கு வேண்டியது உள் ஜாயின்ட், கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது. பல கார்களில் அதற்குள் மூன்று கைகள். ஒவ்வொரு கையின் முனையிலும் ஓர் உருளை. மூன்று உருளைகளும் ஒரு கிண்ணத்தின் உள்சுவரில் வெட்டிய மூன்று நீளப் பள்ளங்களில் ஓடும். சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது தண்டு உள்ளே போய் வெளியே வர வேண்டுமே, அதற்காக இந்த ஏற்பாடு. தண்டு சற்றுச் சாய்வாக இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் உருளைகள் பள்ளத்தில் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் போய் வந்து, மண்சாலையில் மாட்டுவண்டித் தடம் விழுவதைப் போல, பள்ளத்தின் ஒரு பக்கச் சுவரில் குழி விழுந்துவிடுகிறது.

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் உருளை முழு பலத்தோடு அந்தத் தேய்ந்த சுவரில் அழுந்துகிறது. குழிக்குள் சிக்கி, ஏறி, விடுபடும்போது தண்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. மூன்று உருளை என்பதால் ஒரு சுற்றுக்கு மூன்று தள்ளு. 45 கிலோமீட்டர் வேகத்தில் கணக்குப் போட்டால் நொடிக்குச் சுமார் 19. அதனால்தான் இந்த நடுக்கம் மேலும் கீழுமாக இல்லாமல், இடமும் வலமுமாக இடுப்பை ஆட்டுகிற மாதிரி இருக்கும். காலை எடுத்தால் எஞ்சின் வண்டியை இழுப்பதை விட்டு, வண்டி எஞ்சினை இழுக்கத் தொடங்குகிறது. உருளை பள்ளத்தின் எதிர்ச்சுவருக்குப் போய்விடும். அந்தச் சுவர் தேயாமல் வழவழப்பாகவே இருக்கும். நடுக்கம் நின்றுவிடும்.

என் அக்கா வீட்டுக் காரில் நடந்தது இதேதான். லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி. மேம்பாலம் ஏறும்போது குலுங்கும், இறங்கும்போது ஒன்றுமே இருக்காது. பேலன்சிங், அலைன்மென்ட், முன்பக்கம் இரண்டு புது டயர் வரைக்கும் ஆகிவிட்டது. ஆக்சிலைப் பார்த்த இடத்தில், "பூட் கிழியலைங்க, ஜாயின்ட் நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பூட் என்பது ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறை. அது கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறித்து, மண் உள்ளே போய் ஜாயின்ட் சீக்கிரம் கெடும் என்பது உண்மை. கிழியாத பூட்டுக்குள்ளும் ஜாயின்ட் தேயும் என்பதும் அதே அளவு உண்மை. இந்த இரண்டாவது உண்மையை மறந்ததால் போன பணம் கொஞ்சமில்லை.

எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவர் வலது பக்கத் தண்டைக் கழற்றி, உறையை விலக்கி, பழைய கிரீஸை வழித்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். "சார், நகத்தை வெச்சு இழுத்துப் பாருங்க" என்றார். பள்ளத்தின் சுவரில் நகத்தை ஓட்டினேன். ஒரு சுவரில் வழுக்கிக்கொண்டு போனது. எதிர்ச்சுவரில் நடுவே ஓரிடத்தில் தடுக்கி நின்றது. கண்ணுக்கு அது வெறும் பளபளப்பான திட்டாகத்தான் தெரிந்தது. மூன்று பள்ளத்திலும் அதே பக்கத்தில், அதே இடத்தில். ஜாயின்டை மாற்றிய பிறகு நடுக்கம் இல்லை.

இதோடு சேர்ந்து வரும் சில காரணங்களையும் கவனிக்க வேண்டும். எஞ்சின் மவுண்டிங்கின் ரப்பர் அமுங்கிப் போனால் எஞ்சின் கீழே இறங்கி, தண்டின் சாய்வு மாறிவிடும். வேகத்தடையில் அடி தட்டுகிறதென்று சஸ்பென்ஷனில் ஸ்பேசர் வைத்து வண்டியைத் தூக்கியிருந்தாலும் சாய்வு கூடும். சாய்வு கூடக் கூட இந்தப் பக்கவாட்டுத் தள்ளும் கூடும். உயரம் ஏற்றிய பிறகுதான் நடுக்கம் தொடங்கியது என்றால், ஜாயின்டை வாங்குவதற்கு முன் ஸ்பேசரைக் கழற்றிப் பாருங்கள். புது ஜாயின்ட் போடும்போது கிட்டோடு வரும் கிரீஸை மட்டுமே வைக்கச் சொல்லுங்கள். பட்டறை டப்பாவில் இருக்கும் சாதாரண கிரீஸ் இதற்கு ஆகாது.

பின்சக்கர இழுவை வண்டிகளின் கதை வேறு. அந்தக் கால அம்பாசிடர், பத்மினி, இப்போதைய பொலிரோ, ஈகோ போன்றவற்றில் வண்டியின் அடியில் நீளமாக புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓடுகிறது. சக்கரத்தைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சுற்றும். அதன் முனைகளில் உள்ள கிராஸ் ஜாயின்டுக்கு ஓர் இயல்பு உண்டு. சாய்வாகச் சுற்றும்போது ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். 17ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் ஆராய்ந்த ஜாயின்ட் இது. முன்முனையில் வரும் ஏற்ற இறக்கத்தைப் பின்முனை ஜாயின்ட் சரிக்கட்டிவிடும். ஆனால் தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே கோட்டில் இருந்தால்தான் அது நடக்கும். பட்டறையில் ஷாஃப்டைப் பிரித்து, இணைப்பில் உள்ள பற்களை இடம் மாற்றிக் கோத்துவிட்டால், நன்றாக இருந்த வண்டியும் அதிரும். கழற்றுவதற்கு முன்னால் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்வது ஒரு நிமிட வேலை. தயவுசெய்து அதை வற்புறுத்திக் கேளுங்கள்.

எஞ்சின் மிஸ்ஸிங் அடித்தாலும் மிதிக்கும்போது வண்டி உலுக்கும். அது சீரான நடுக்கமாக இல்லாமல் வெட்டி வெட்டி இழுக்கும். செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கிவிடும். அது விலை கூடிய பாகம். சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு திடீரென ஆட்டம் தொடங்கினால், வேறு எந்தச் சோதனைக்கும் முன்னால் வண்டியை ஓரங்கட்டி வீல் நட்டுகளை முறுக்கிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. சில இடங்களில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிய நிலையில் எஞ்சினை ஓட்டி, "பாருங்க, ஆடுது" என்று காட்டுவார்கள். சக்கரம் தொங்கும்போது தண்டின் சாய்வு சாலையில் இருப்பதைவிட அதிகம். நல்ல ஜாயின்ட்கூட அப்போது உதறும். ஜாக்கி நழுவினால் உயிருக்கே ஆபத்து. சோதனையைச் சாலையில்தான் செய்ய வேண்டும். மெக்கானிக்கை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வேகம், எந்த கியர், ஏற்றமா சமதளமா என்று சொல்லிக் காட்டுங்கள். வேலை முடிந்த பிறகும் அதே சாலையில், அதே வேகத்தில், வண்டியில் அதே அளவு ஆட்களோடு ஓட்டிப் பார்த்த பிறகு பில்லைக் கட்டுங்கள்.