ஆபரேஷன் பண்ணியும் ஏன் கசியுது?

இன்னைக்குப் பேசப்போறது நம்ம வீடுகள்ல யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம்.

என் பெரியம்மா சிறுநீர்க் கசிவுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. ஆறு மாசம் கழிச்சும் பேட் இல்லாம வெளியே கிளம்ப முடியலை. "தண்ணிக் குடத்தைத் தூக்கிட்டேன், என் தப்புதான்"னு யாருகிட்டயும் சொல்லாம இருந்திருக்காங்க. அவங்க சம்மதத்தோடதான் இதைச் சொல்றேன்.

நான் டாக்டர் இல்லை. தேடிப் படிச்சதுல புரிஞ்சது இதுதான். கசிவுல முக்கியமா ரெண்டு வகை. இருமினா, தும்மினா, சிரிச்சா கசியறது ஒண்ணு. திடீர்னு அவசரமா வந்து, பாத்ரூம் போறதுக்குள்ள கசியறது இன்னொண்ணு. முதல் வகைக்குத்தான் ஸ்லிங் ஆபரேஷன். சிறுநீர் வெளியேறும் குழாய்க்குக் கீழே ஒரு சின்னப் பட்டையைத் தொட்டில் மாதிரி வைக்கிறாங்க. ரெண்டாவது வகையில சிறுநீர்ப்பை நேரங்கெட்ட நேரத்துல சுருங்குது. அதைப் பட்டை தடுக்காது.

பலருக்கு ரெண்டுமே இருக்கும். நம்ம பாஷையில சொன்னா, ரெண்டு பக். ஒண்ணைத்தான் ஃபிக்ஸ் பண்ணியிருக்காங்க. சிலருக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் புதுசாவும் அந்த அவசரம் வரலாம்.

2010-ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல, 597 பெண்களுக்கு ரெண்டு விதமான ஸ்லிங் வெச்சாங்க. ஒரு வருஷம் கழிச்சு டெஸ்ட் பண்ணினப்போ, ரெண்டுலயுமே வெற்றி சுமார் 80 சதவீதம். அதாவது, கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தருக்கு முழுசா சரியாகலை.

யாருக்கு ரிஸ்க் அதிகம்? ஏற்கனவே இதுக்கு ஆபரேஷன் ஆனவங்க, அந்தக் குழாய் அசைவில்லாம இருக்கிறவங்க, அதை மூடுற தசை ரொம்ப பலவீனமானவங்க, முன்னாடியே கசிவு அதிகமா இருந்தவங்க, அவசரமும் சேர்ந்து இருக்கிறவங்க. இதுல எதுவுமே அவங்க தப்பு இல்லை.

உடல் எடையும் கணக்குல வரும். 2009-ல வந்த இன்னொரு ஆய்வுல, எடை அதிகமான 338 பெண்கள். உணவு, உடற்பயிற்சின்னு ஆறு மாசத்துல சராசரியா 8 சதவீதம் எடை குறைச்ச குழுவுக்கு, வாரக் கசிவு 47 சதவீதம் குறைஞ்சது. இன்னொரு குழுவுக்கு 28 சதவீதம்தான். இது ஆபரேஷன் இல்லாமலே கிடைச்ச பலன்.

பெரியம்மாவை மறுபடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். இப்போ இருக்கிறது அவசரக் கசிவுன்னு சொன்னாங்க. மாத்திரையும் சிறுநீரை அடக்கிப் பழகுற பயிற்சியும் ஆரம்பிச்சாச்சு.

உங்க வீட்டுல யாராவது இந்த ஆபரேஷனுக்குத் தயாரானா, மூணு கேள்வி கேட்கச் சொல்லுங்க: எனக்கு எந்த வகைக் கசிவு? இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை மூணு மாசமாவது முறையா செஞ்சு பார்த்துட்டேனா? ஆபரேஷனுக்கு அப்புறம் எது சரியாகும், எது மிச்சம் இருக்கும்?

ஏற்கனவே ஆபரேஷன் ஆகியும் கசிவு இருந்தா, மறைக்காம திரும்பப் போகச் சொல்லுங்க. கூச்சப்பட்டா நீங்களே கூடப் போங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.