ஒரு பழைய மோட்டார் சைக்கிள்



எமக்கு முன் இம்மேடையில் பேசியோர் சமயத்தின் மேன்மை பற்றியும் மொழியின் தொன்மை பற்றியும் அழகுறப் பேசி அமர்ந்தனர். நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு பழைய மோட்டார் சைக்கிள். "பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு வேறு பொருள் அகப்படவில்லையா?" என்று நீங்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டுச் சற்றுப் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகிறோம்.

"நாம்" என்று சொல்வது மூவரை. ஒரே மிஷன் பாடசாலையில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இப்பொழுது வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள். மூவர் வீடும் வாவிக்கு மேற்கே, சூரியன் படுகின்ற கரையாகிய படுவான்கரையில் உள்ளன. பெரிய ஆஸ்பத்திரி, கச்சேரி, கடைத்தெரு எல்லாம் சூரியன் எழுகின்ற எழுவான்கரையில். இடையே வாவி. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படுமுன் அத்துறையில் 'பாதை'யில் ஏறித்தான் அக்கரை சேர்ந்தோம். பாலம் வந்தது, ஆனால் பாலத்துக்கு அப்பால் உள்ளூர்க் கிராமங்களுக்குப் போகும் பஸ் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை.

சனிக்கிழமைதோறும் அத்தகைய கிராமம் ஒன்றில் சாதாரண தரப் பரீட்சைப் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் இலவசமாகச் சொல்லிக் கொடுத்து வந்தோம். காலை பஸ்ஸைத் தவறவிட்டால் அன்று வகுப்பில்லை. மழைக்காலத்தில் இருமுறை தவறவிட்டோம். மூன்றாம் வாரம் போனபோது, பத்தொன்பது பிள்ளைகளில் ஏழு பேரே வந்திருந்தனர். "சேர்மார் வருவீங்களோ எண்டு தெரியாமல் அவையள் வயலுக்குப் போயிட்டினம்" என்று ஒரு சிறுமி சொன்னாள். அன்றே வண்டி ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தோம்.

அது 2023ஆம் ஆண்டு. 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; 2025இலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. மகாபொலப் பணத்தில் இருவர் மிச்சம் பிடித்தோம். மூன்றாமவருக்காக அவரது அக்கா தம் வளையலை அடகு வைத்தார். எல்லாம் சேர்த்துத் தொண்ணூறாயிரம் ரூபா. ஒரு ரூபாவையேனும் வீணாக்க எமக்கு உரிமையில்லை என்பது அந்த வளையலைக் கண்டபோதே விளங்கிற்று.

நகரில் ஒரு தரகர் வண்டி ஒன்றைக் காட்டினார். கண்ணாடிபோல் மினுங்கிற்று. ஓர் உதையிலேயே எஞ்சின் பிடித்தது. விலையும், என்ன அதிசயமோ, சரியாகத் தொண்ணூறாயிரம். பணத்தை எடுக்கக் கைபோனது. நல்லவேளை, எமது ஊர்ப் பக்கத்துக் கராஜ் வைத்திருக்கும் பாஸ் ஒருவரை அழைத்துச் சென்றிருந்தோம். அவர் தரகருக்கு வணக்கம் சொல்லுமுன்னரே எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. "நாங்கள் வரமுன்னம் ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வச்சிருக்கினம். குளிர்ந்த எஞ்சின் பிடிக்காது போல" என்று எம் காதில் சொன்னார். பின் ஒயில் மூடியைத் திறந்து விரலில் தொட்டார். ஒயில் பாணிபோல் தடித்திருந்தது. தேய்ந்த றிங்கைத் தாண்டி ஒயில் மேலேறி எரிந்தால் நீலப் புகை வரும். அதை மறைக்கத் தடித்த ஒயில் விடுவது பழைய தந்திரம். கறுப்புப் புகையாயின் பெற்றோல் கூடுதலாகப் போகிறதென்று பொருள். அதைக் காபரேற்றரில் திருத்தலாம். நீலப் புகையாயின் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். கால் மணி நேரம் ஓடவிட்டோம். நீலம் வந்தது. தரகர் வானத்தைப் பார்த்தார். நாம் வீடு திரும்பினோம்.

அதன்பின் பாஸ்தான் ஓர் இடம் சொன்னார். வாவிக் கரையோரக் கிராமம் ஒன்றில், ஓலைப் பந்தலின் கீழ், சாக்கால் மூடி வைத்திருந்த ஹொண்டா சி 90. ஜப்பானில் சொய்ச்சிரோ ஹொண்டாவின் நிறுவனம் 1958இல் வெளியிட்ட சூப்பர் கப் வண்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2017ஆம் ஆண்டளவில் அக்குடும்ப வண்டிகள் பத்துக் கோடியைத் தாண்டின. உலகில் வேறெந்த மோட்டார் வாகன வகையும் அத்தனை செய்யப்படவில்லை. கிளட்ச் பிடி இல்லை, மூன்று கியர், காற்றால் குளிரும் சிறிய எஞ்சின். ஏழை நாடுகளின் குதிரை அது.

அதன் சொந்தக்காரி எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு பெத்தா. தகரப் பிஸ்கற் பெட்டியிலிருந்து வண்டியின் பதிவுப் புத்தகத்தை எடுத்துத் தந்தார். பெயர் அவருடைய மகனுடையது. 1990ஆம் ஆண்டு அவர் வேலைக்கென்று நகரத்துக்கு பஸ்ஸில் போனார், திரும்பவில்லை. வண்டியை அவருடைய மாமன் சில காலம் ஓடியிருக்கிறார். 2007இல் படுவான்கரை மக்கள் இடம்பெயர்ந்து மீண்டு வந்தபின் எவரும் ஓடவில்லை. ஆனால் பெத்தா வாரம் ஒருமுறை துடைத்து வந்திருக்கிறார்.

"துருப்புடிச்சுப் போறத விட, படிக்கிற புள்ளையள் ஓடட்டும்" என்றார். விலை நாற்பதினாயிரம். கூரை வேய அவருக்கு அது வேண்டியிருந்தது.

ஒரு சங்கடம். விற்றவர் கையொப்பமின்றிப் பெயர் மாற்ற முடியாது. மரணச் சான்றிதழ் இருந்தால் வழியுண்டு. அதை எடுக்கப் பெத்தா ஒருநாளும் இசையவில்லை. "நான் கையெழுத்துப் போட்டா அவனச் சாகடிச்ச மாதிரி, மனே. அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுற?" என்றார். அவ்வேளை அங்கு வந்த ஒருவர், ஐயாயிரம் ரூபா தந்தால் பழைய கையொப்பத்தைப் பார்த்து அப்படியே போட்டுத் தருவதாகச் சொன்னார். "ஊரிலே பெயர் மாற்றாமல் எத்தனை வண்டி ஓடுகிறது" என்றும் சொன்னார்.

சபையோரே, மறைக்காமல் சொல்கிறோம். அன்றிரவு எம்முள் பெரிய வாக்குவாதம் நடந்தது. பிள்ளைகளின் பரீட்சைக்கு மூன்று மாதமே இருந்தது. "நாம் திருடவில்லையே, விலை கொடுத்துத்தானே வாங்குகிறோம்" என்று ஒருவர் வாதாடினார். அவ்வாதம் முற்றும் பிழையென்று சொல்ல எவராலும் முடியவில்லை. நெடுநேரத்தின் பின் மற்றொருவர் ஒன்று கேட்டார்: "நாளை நாம் வீதியில் எவரையேனும் மோதிவிட்டால், பொலிசார் பதிவுப் பெயரைப் பார்த்து எங்கே போவார்கள்?"

பெத்தாவின் வாசலுக்குத்தான் போவார்கள். "உன் மகன் எங்கே?" என்று கேட்பார்கள். முப்பத்து மூன்று வருடமாக அவர் எல்லாரிடமும் கேட்டு, ஒருவரிடமும் விடை பெறாத கேள்வி அது. அதே கேள்வியை அவரிடமே பிறர் கேட்க நாம் வழி செய்வதா? அதன்பின் வாக்குவாதம் இல்லை.

மிஷன் பாடசாலையில் படித்த எமக்கு 1990 என்றதும் இன்னொருவர் நினைவும் வரும். அமெரிக்காவிலிருந்து வந்து இம்மண்ணில் நாற்பதாண்டுக்கு மேல் பணியாற்றிய இயேசு சபைத் துறவி யூஜின் ஹீபேர்ட் அடிகளார். புனித மிக்கேல் கல்லூரி மாணவருக்குக் கூடைப்பந்து பழக்கியவர். எளிய இளைஞர் கைத்தொழில் கற்கும் தொழில்நுட்ப நிலையத்தை நடத்தியவர். அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு தமிழ் இளைஞனுடன் ஸ்கூட்டரில் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. எம் மாவட்டத்தில் ஒரு பழைய வண்டியின் பதிவுப் புத்தகத்தைத் திறப்பவர் எவரும் வெறும் இலக்கத்தை மட்டும் வாசிப்பதில்லை.

விசாரித்தபோது ஒரு வழி தெரிந்தது. 2016ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி, காணாமற் போனவரின் குடும்பத்தார் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற் போனமைக்கான சான்றிதழ் பெறலாம். அது "இறந்தார்" என்று சொல்வதில்லை. "காணப்படவில்லை" என்றே சொல்கிறது. அதைக் கொண்டு உற்றார் அவரது சொத்துக்களைப் பராமரிக்கவும் இடமுண்டு. இதைப் பெத்தாவுக்கு வாசித்து விளக்கினோம். "செத்தவன் எண்டு அதில எழுதியிருக்காதா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லையென்றோம். அதன்பின் இசைந்தார்.

கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் ஒரு தாள் எழுதினோம். பாதிப் பணம் அப்போதே. மீதி, பெயர் மாறியபின். அதுவரை வண்டி பெத்தாவின் முற்றத்திலேயே நிற்கும். நாம் அங்கு வந்து திருத்துவோம்.

இனித் திருத்தியதைச் சொல்கிறோம். பிஸ்ரன் சிலிண்டரில் இறுகியிருந்தது. பிளக்கைக் கழற்றி அத்துளையால் மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து விட்டு ஒரு வாரம் ஊறவிட்டோம். பின் பக்கத்து மூடியைக் கழற்றி, சில்லின் நட்டில் சாவியைப் பூட்டி, முன்னும் பின்னும் மெல்ல மெல்ல அசைத்தோம். இரண்டாம் நாள் மயிரிழை அசைந்தது. மாலையில் முழுச் சுற்றுச் சுற்றிற்று. சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால் உட்சுவரில் துருவின் தழும்பு. நகரத்து லேத் பட்டறையில் அதைக் கடைந்து, 0.50 மில்லிமீற்றர் பெரிய பிஸ்ரன் போட்டோம். பெற்றோல் தாங்கிக்குள் சிறு கூழாங்கற்களும் மண்ணெண்ணெயும் இட்டு, மூவரும் மாறி மாறிக் குலுக்கினோம். செங்காவியாய் வழிந்தது துரு. காபரேற்றரின் நுண்துளைகளில் பழைய பெற்றோல் பிசினாக அடைத்திருந்தது. அவற்றை இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெருத்துக் கெட்டுவிடும்; மின்வயரிலிருந்து உரித்த ஒற்றைச் செப்பிழையால் துடைக்கவேண்டும் என்று பாஸ் கற்பித்தார். எலி தின்ற வயரை மாற்றினோம். பிளக்கின் இடைவெளியை 0.6 மில்லிமீற்றருக்கு வைத்தோம்.

எம் பிழையையும் சொல்லவேண்டும். அடியிலுள்ள ஒயில் ஆணியை ஒருவர் தம் பலம் முழுவதையும் காட்டி இறுக்கினார். அலுமினிய மரை அப்படியே உரிந்து வந்துவிட்டது. பௌதிகவியலில் திருப்பு விசை பற்றி நல்ல புள்ளி எடுத்தவர் அவர்! பாஸ் கோபிக்கவில்லை. "கணக்குத் தெரியும், தம்பி. கைக்குத் தெரியேல்ல" என்றார். பெரிய மரை வெட்டிப் புதிய ஆணி போட நாலாயிரம் ரூபா செலவாயிற்று. எல்லாச் செலவும் சேர்த்து முப்பத்தோராயிரம்.

ஒரு ஞாயிறு மாலை எஞ்சினை உதைத்தோம். இருபது உதை வரை ஒன்றுமில்லை. பாஸ் காற்றுத் திருகைக் கால் சுற்றுத் திருப்பினார். அடுத்த உதையில் இருமிற்று, அதற்கடுத்ததில் பிடித்தது. பெத்தா குசினியிலிருந்து அவசரமாக ஓடி வந்தார். வந்தவர் வண்டியைப் பார்க்கவில்லை, படலையைப் பார்த்தார். பின்புதான் எம்மைப் பார்த்தார். நாம் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரத்தில் எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்தார்.

சான்றிதழ் அவர் கைக்கு வந்துவிட்டது. பெயர் மாற்றும் அலுவல் இன்னும் முடியவில்லை. ஆகவே, அன்பர்களே, மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசும் நாம் இம்மண்டபத்துக்கு வந்தது பஸ்ஸில்தான். பிள்ளைகளின் வகுப்பு நின்றதா என்று கேட்பீர்கள். நிற்கவில்லை. வெள்ளி மாலையே கடைசி பஸ்ஸில் போய், பெத்தா வீட்டுத் திண்ணையில் படுத்து, காலையில் இரவல் சைக்கிளில் வகுப்புக்குப் போனோம். அவ்வழி முன்னரே இருந்தது. வண்டிமேல் வைத்த ஆசை அதைக் காணவிடவில்லை. பரீட்சை நாள்வரை பத்தொன்பது பேரும் வந்தனர். வண்டியை ஞாயிறுதோறும் முற்றத்தில் நிறுத்தியபடியே ஸ்டார்ட் செய்து பார்க்கிறோம். அச்சத்தத்தைக் கேட்க இப்போது பெத்தாவும் கதிரை போட்டு அமர்கிறார்.

இளைஞர்களே, பழைய வண்டி வாங்குவோருக்கு எமது சொல் இரண்டே. எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள். பதிவுப் புத்தகத்தை எஞ்சினிலும் கவனமாகப் பாருங்கள். அதிலுள்ள பெயர் ஒரு மனிதனுடையது.

இன்னொன்றும் உண்டு. கைத்தொழில் படியாதோர்க்குரியது என்றொரு எண்ணம் எம்மிடம் இருந்தது. அந்த ஒயில் ஆணி அதைப் போக்கிற்று. எம் மாவட்டத்து மிஷன் பாடசாலைகளிலே பயின்று, 1916இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானத் தராதரப் பத்திரம் பெற்றவர் ஒருவர் இருந்தார். பின்னாளில் அவரையே விபுலாநந்த அடிகளென்று உலகு போற்றிற்று. கருவியை அறிவது கல்விக்கு இழிவன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

விரல்களில் ஒயில் கறை இன்னும் முற்றாகப் போகவில்லை. அதே கைகளைக் கூப்பி விடைபெறுகிறோம். வணக்கம்.