எறும்பு காட்டும் பகை



ஏற்காட்டு மலைக் காப்பியிலும், சமவெளி எலுமிச்சை, கொய்யாவிலும் இலைகள் கரி பூசியதுபோல் கறுத்திருக்கக் காண்கிறோம். பலர் இதனை இலைநோய் எனக் கருதி மயில்துத்தக் கலவை தெளிக்கின்றனர். செலவு வீண். இலையைத் திருப்பிப் பாருங்கள். நடுநரம்பை ஒட்டித் தட்டையான பச்சைச் செதிள்கள் அசையாது அப்பியிருக்கும்.

பச்சைச் செதிள் பூச்சி தளிரின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய இனிப்பை இலைமேல் கழிக்கிறது. அதில் கரும்பூசணம் படர்கிறது; அதனையே நாடி எறும்பும் வருகிறது. கறவை மாட்டைக் காப்பதுபோல் எறும்பு இப்பூச்சியைக் காத்து, அதனைத் தின்னவரும் பொறிவண்டையும் சிறு குளவியையும் விரட்டிவிடுகிறது. ஆகவே எறும்புப் புற்றை அழிப்பதே முதற்பணி. தரையைத் தொடும் கிளைகளையும் வெட்டிவிட வேண்டும்.

இப்பூச்சியை அடக்க 1898-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பொறிவண்டு நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. வந்த வண்டோ மாவுப்பூச்சியையே பெரிதும் நாடிற்று! அதுவும் ஓர் உதவியே.

மழைக்காலத்தில் செதிள்களைச் சுற்றி வெண்பூசணம் வளையமிட்டிருந்தால், அது நமக்காக வேலை செய்கிறது. அவ்வேளையில் மருந்து தெளித்தல் தகாது. கோடையில் பூச்சி மிகுந்தால், மீன் எண்ணெய் ரோசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் வீதம் கரைத்து, இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். கரும்பூசணம் நீங்க, 1 கிலோ மைதாவை 5 லிட்டர் நீரில் காய்ச்சி, ஆறியபின் 20 லிட்டராக்கி, நல்ல வெயிலில் தெளித்தால், காய்ந்த பசை கரியோடு உரிந்து விழும்.

எறும்பு வேலியை மதிப்பதில்லை. ஒருவர் புற்றை அழித்து, அடுத்தவர் வாளாவிருந்தால் பயனில்லை. அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் இதற்கென ஒரு நாளைக் குறியுங்கள், நாங்களும் வருகிறோம்.