கொட்டாஞ்சேனைத் திருநாட்கள்

1883ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமய விகாரையை நோக்கிச் சென்ற பௌத்தப் பெரஹரா ஊர்வலம் தாக்கப்பட்டு, அதனால் மூண்ட கலகத்தின்பின் பௌத்தர்களுக்காக வாதாடிய கேர்ணல் ஒல்கொட் லண்டனுக்கு எடுத்துச் சென்ற முறையீடுகளின் பயனாகவே, 1885இல் பௌத்தர்களின் வெசாக் திருநாள் அரசாங்க விடுமுறையாயிற்று. அந்த வீதிகளுக்கு அண்மையிலேதான், கிராண்ட்பாஸ் இந்துக்களும் பௌத்தர்களும் செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியார் சந்நிதியில் மெழுகுவர்த்தி ஏந்திக் கத்தோலிக்கரோடு தோளுரசி நின்று பிரார்த்திக்கிறார்கள். 2019 ஏப்ரல் 21இல் குண்டுவெடிப்பால் சிதைந்த அவ்வாலயம், ஜூன் 12இல் மீண்டும் திறக்கப்பட்டது. இத்தகைய நல்லுறவை வளர்க்கச் சமாதான மகாநாடுகள் நல்லவையே. எனினும், வெயிலில் வரிசையாக நிற்போருக்குக் கைமாறும் ஒரு குவளை தன்சல் (வெசாக் கால இலவச விருந்து) சர்பத்துக்கு உள்ள சக்தி அவற்றின் தீர்மானங்களுக்கு இல்லை என்பது என் துணிபு. வருகிற வெசாக்கில் அயலார் தன்சலுக்குக் குடும்பத்தோடு செல்லுங்கள்.