பொறுமைக்கு ஏது ஆண்பால், பெண்பால்?



பேச்சுப் பயிற்சித் தொழிலில், அதாங்க, 'ஸ்பீச் தெரபி'யில் பெண்களே நிறைந்திருக்கக் காரணம் இயல்பா, சமுதாயமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார், "குழந்தையைப் பேச வைக்கப் பொறுமை வேணும். அது தாய்க்குத்தான் உண்டு" என்றார்கள். தாய்மார்கள் கை தட்டினீர்கள். பக்கத்தில் உங்க வீட்டுக்காரர் உங்களைவிட பலமாத் தட்டினாரே, கவனிச்சீங்களா? பொறுமை உனக்குத்தான்னு முடிவாயிட்டா, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அலையற வேலை அவருக்கு மிச்சம்! (சிரிப்பு)

நான் தமிழ் வாத்தியார். எந்த எழுத்து எங்கே பிறக்கிறது, நாக்கு எங்கே தொடணும் என்பதற்காகவே தொல்காப்பியர் 'பிறப்பியல்' என்று ஓர் இயல் வைத்தார். அதைக் கல்லூரியில் நான் நடத்தினால் புலவர் என்கிறீர்கள். அதையே ஓர் இளைஞன் மருத்துவமனையில் மூணு வயசுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், "ஏம்ப்பா, வேற வேலை கிடைக்கலையா?" என்கிறீர்கள். இது இயல்பா? நாம பண்ணினதுங்க!

இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜுக்குத் திக்குவாய். 1939-இல் போர் மூண்ட அன்று நாட்டுக்கு வானொலியில் பேசியாகணும். பக்கத்தில் நின்று பேச வைத்தவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த லயனல் லோக். ஆண்பிள்ளை! 2010-இல் அது சினிமாவாக வந்து ஆஸ்காரும் வாங்கியது. இன்றைக்கு அமெரிக்காவில் இந்தத் தொழிலில் இருப்பவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நாலு பேர்தான் ஆண்கள். இயல்பென்றால் லோக் எப்படி வந்தார்?

அவ்வளவு தூரம் ஏன்? நாக்கு திருந்தக் கிழவிகள் வசம்பு தடவுவார்களே, அதற்கு இன்னொரு பெயர் என்ன? பிள்ளை வளர்ப்பான்! 'வளர்ப்பாள்' இல்லைங்க. மருந்துக்குப் பேர் வைத்த தமிழனுக்கே தெரிந்திருக்கிறது! (கைதட்டல்)

சரி, சிகிச்சைக்கு வருபவர்கள் யார்? பெரியவர்களில் திக்குவாய் உள்ள பெண் ஒருவர் என்றால் ஆண்கள் நாலு பேர். புகையிலையால் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டால், ஏப்பம் விடுவதுபோல் உணவுக்குழாய் வழியே காற்றை எழுப்பிப் பேசப் பழக்குகிறார்கள். அதிலும் பெரும்பாலோர் ஆண்கள்தான். அப்புறம் பதினெட்டு வயசாகியும் மகரக்கட்டு உடையாத பையன். கல்லூரியில் வாயைத் திறந்தாலே கேலி. பெரும்பாலும் கத்தி வைக்காமல், சில வாரப் பயிற்சியிலேயே அவன் குரல் இறங்கிவிடும். ஆனால் முதல் நாள் போய் உட்காரணுமே! முன்னால் இருப்பது தன் அக்கா வயசுப் பெண் என்றதும் வாசலோடு திரும்பி விடுகிறான். பெண்களிடம் குறை என்று சொல்லவில்லை. அவன் போய் உட்கார ஓர் அண்ணன் வேண்டாமா?

மைசூரில் இதற்கென்றே 1965-இல் மத்திய அரசு நிறுவனம் தொடங்கியாயிற்று. நம்ம போரூரிலும் படிப்பு இருக்கிறது. பட்டத்துக்கு மூணு வருஷம், களப்பயிற்சி ஒரு வருஷம். எங்க தெருவில் ஒரு பையன் அதில் சேர ஆசைப்பட்டான். அப்பா, "அது பொம்பளைப் படிப்புடா, நாளைக்கு எவன் பொண்ணு கொடுப்பான்?" என்றார். இன்ஜினீயரிங்கில் தள்ளிவிட்டார்கள். இதில் ஒரு விஷ வட்டம் இருக்கிறது, நடுவர் அவர்களே. சம்பளம் குறைவு என்று ஆண்கள் வருவதில்லை. பெண்கள் செய்கிற வேலைதானே என்று சம்பளம் ஏறுவதில்லை. எதிரணி புகழ்கிற தாய்மைக்குச் சமுதாயம் கொடுக்கிற கூலி இது.

இன்னும் ஒன்று. காது கேளாத சின்னக் குழந்தைக்கு உள்காதில் கருவி பொருத்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமே செலவு செய்கிறது. ஆனால் கருவி பொருத்திய மறுநாளே பிள்ளை பேசிவிடாது. வாரம் தவறாமல் பயிற்சி, வீட்டில் தினமும் பயிற்சி, மாதக்கணக்கில். யார் வேலையை விடுகிறார்கள்? அம்மா. அங்கே கற்றுக்கொடுப்பதும் பெண், கற்றுக்கொள்வதும் பெண். அப்பா வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து ஹார்ன் அடிக்கிறார். பிள்ளைக்கு முதன்முதலாகக் காது கேட்கிறது. கேட்கிற சத்தம் அப்பாவுடைய ஹார்ன்! (சிரிப்பு)

ஐயா, அடுத்த வாரம் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வாங்க. நாற்காலி காலியாகத்தான் இருக்கு.

நடுவர் மணியைத் தொடுகிறார்.