மலைப் பனியும் சீசாவின் மேல் ஒட்டும் சீட்டும்



சேர்வராயன் மலையில் விளையும் காப்பி, மிளகு, தேன் ஆகியவற்றை மொத்த வியாபாரியிடம் போடாமல், தாங்களே சீசாவிலும் பையிலும் அடைத்துத் தங்கள் பெயரில் விற்கும் சிறு விவசாயிகள் உண்டு. சரக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் சேலம் கடைக்குப் போய்ச் சில வாரங்களில் சீட்டு உரிந்து தொங்கும், அல்லது தேதி அழிந்துவிடும். தயாரித்தவர் முகவரி, நிகர எடை, தேதி, விலை, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவற்றைப் படிக்க முடியாத பொருளைக் கடைக்காரர் விற்பது சட்டப்படி குற்றம். ஆகவே திருப்பி அனுப்புவார். நல்ல தேனுக்கு நட்டம் இப்படியும் வருகிறது.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் சீட்டு ஈரக் குளிரிலிருந்து வெயிலுக்கு வந்துவிடுகிறது. காகிதம் மர இழைகளால் ஆனது. ஈரம் பட்டால் இழை நீளவாக்கில் அதிகம் வளராது, குறுக்கில் பருக்கும். கண்ணாடி அவ்வாறு வளராது. எனவே சீட்டு சுருக்கம் விழும். கீழே வெயிலில் காய்ந்ததும் ஓரம் தூக்கும். காகிதத்தைக் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழியும் பக்கமே இழை ஓடும் பக்கம். உருண்டைச் சீசாவில் இழை மேலிருந்து கீழாக நின்றால் சீட்டு நன்றாக வளைந்து படியும். அச்சகத்தாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பாலிபுரொப்பிலீன் பிலிம் சீட்டு தண்ணீர் குடிக்காது. விலை கூடுதல்தான். பத்து நாளில் விற்றுப்போகும் காப்பித்தூளுக்குக் காகிதமே போதும்; மாதக்கணக்கில் கடையில் நிற்கும் தேனுக்குப் பிலிம் போடுவது வீண் செலவல்ல. அழுத்திப் பிழியும் பிளாஸ்டிக் சீசாவுக்குச் சற்று மெதுவான பாலிஎத்திலீன் பிலிம் ஏற்றது. ஒன்று கவனிக்க: பிலிம் மையையும் குடிக்காது. சாதாரண ரப்பர் ஸ்டாம்பு மையில் தேதி குத்தினால் விரல் பட்டதும் அழியும். பிளாஸ்டிக்குக்கு உரிய மையைக் கேட்டு வாங்குங்கள். பஸ் டிக்கெட் இயந்திரத்தில் வரும் சூட்டுக் காகிதமோ வெயிலில் எழுத்தை இழந்துவிடும். அது வேண்டவே வேண்டாம்.

பசையிலும் வகை உண்டு. ரப்பர் பசை தொட்டவுடன் பிடிக்கும், ஆனால் சூட்டில் இளகி வழியும். அக்ரிலிக் பசை முழுப் பிடிப்புக்கு வர ஒரு நாள் எடுக்கும், வெயிலைத் தாங்கும். மலையில் ஒட்டிச் சமவெளியில் விற்கும் நமக்கு அக்ரிலிக்தான் சரி. பாலிதீன் பைகளில் எந்தப் பசையும் எளிதில் பிடிக்காது. வாங்குமுன் நம் பையிலேயே ஒட்டிப் பாருங்கள்.

விடியற்காலையில் குளிர்ந்த சீசாவின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனிநீர் படிந்திருக்கும். அப்போது ஒட்டினால் பசை கண்ணாடியைத் தொடுவதே இல்லை. வெயில் ஏறிய பின், தேன் பிசுக்கை வெந்நீரால் துடைத்து, உலர்த்தி, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துணியால் அழுத்தி ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பெட்டியில் அடுக்கலாம். சீட்டின் மேல் செலோடேப் சுற்றுவது சிலரது வழக்கம். ஓரத்தில் புகும் ஈரம் உள்ளேயே தங்கிக் காகிதத்தை ஊறவைக்கும்.

மொத்தமாக அச்சிடுமுன் ஐந்து சீசாக்களில் ஒட்டி, மறுநாள் ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு, விரலால் தேய்த்து, அரை நாள் வெயிலில் வையுங்கள். ஓரம் தூக்காமல் தேதியும் தெளிவாக நின்றால் ஆர்டர் கொடுக்கலாம்.