பிள்ளைகளின் முகம் பள்ளியின் சொத்தல்ல

பள்ளி வாசலிலும், வேன் வந்து நிற்கும் இடத்திலும் கேமரா இருக்கட்டும். பிள்ளையை யார் அழைத்துப்போனார் என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும். நான் எதிர்ப்பது, அட்டெண்டன்ஸ் என்ற பெயரில் பிள்ளையின் முகத்தை அளந்து எண்களாக்கிச் சேமித்துவைக்கும் கருவியை. சுவீடனில் ஷெலெஃப்தியோ நகரத்துப் பள்ளி ஒன்றில் 22 மாணவர்களிடம் மூன்று வாரம் இதைச் சோதித்தார்கள். வருகை எடுக்கும் நேரம் மிச்சமாகும் என்றார்கள். பெற்றோரின் சம்மதமும் வாங்கியிருந்தார்கள். ஆனாலும் 2019இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2 லட்சம் குரோனர் அபராதம் விதித்தது. மாணவர் பள்ளியை நம்பி இருப்பவர். அதனால் அந்தச் சம்மதம் செல்லாது என்றது. அட்மிஷன் நாளில் கட்டுக்கட்டான படிவங்களோடு நீட்டப்படும் தாளில், சீட் போய்விடுமோ என்ற பயமில்லாமல் கையெழுத்துப் போடுகிறவர் நம்மில் எத்தனை பேர்?

"உயிரைவிட அந்தரங்கம் பெரிதா?" என்று கேட்கிறார்கள். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பிள்ளையை அனுப்பும் தாய் கேட்கும் கேள்வி அது. மதித்தே பதில் சொல்ல வேண்டும். 2018இல் அமெரிக்காவின் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது அங்கே கேமராக்கள் இருந்தன. போலீசாருக்குச் சொல்லப்பட்ட காட்சியோ சுமார் இருபது நிமிடம் பழையது. அதை நேரலை என்று நம்பி, தப்பிப் போய்விட்ட கொலையாளியை உள்ளே தேடினார்கள். நம் கும்பகோணத்தில் 2004இல் நடந்த பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்டவை கீற்றுக் கூரையும் குறுகலான வழியும். கருவி வாங்கும் பணத்தில் முதலில் படிக்கட்டை அகலப்படுத்துங்கள், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுங்கள், பிள்ளை பயமில்லாமல் பேச ஓர் ஆசிரியையை அமர்த்துங்கள். அதே அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் ஆராய்ந்து பார்த்துவிட்டு, 2023இல் பள்ளிகளில் முகம் அறியும் கருவியைத் தடையே செய்துவிட்டது.

"சட்டம் பார்த்துக்கொள்ளாதா?" என்பீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்கிறது 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் 2025இல் வந்த விதிகள், படிப்புக்கும் பாதுகாப்புக்கும் என்றால் பள்ளிகளுக்கு விலக்கு தருகின்றன. 'பாதுகாப்பு' என்று சொல்லிவிட்டால் எந்தக் கருவியும் உள்ளே வந்துவிடும். பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றலாம்; ஆறாம் வகுப்பில் திருடுபோன முகத்தை அந்தப் பிள்ளை ஆயுளுக்கும் மாற்ற முடியாது. ஆகவே பெற்றோர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். பதிவு எங்கே இருக்கிறது, யார் பார்க்கிறார்கள், எத்தனை நாளில் அழிப்பீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.